டிரெய்லர் ஏர்க்காலில் மயிரிழைக் கோடு: பட்டாத் தகடு வைத்து வெல்டு அடித்தால் போதுமா?

கேள்வி, 6 டிசம்பர் 2023

இரண்டு சக்கர டிப்பர் டிரெய்லர், 2014-இல் வாங்கியது. ஏர்க்கால், அதாவது டிராக்டரோடு மாட்டும் முன்சட்டம், சேசிஸோடு சேரும் இடத்தில், வலப்பக்கச் சேனலின் ('ப' வடிவ இரும்புச் சட்டம்) அடிவிளிம்பில் இரண்டு அங்குலத்துக்கு முடி மாதிரி ஒரு கோடு ஓடுகிறது. ஆயுத பூஜைக்கு அடித்த பெயின்ட் வெடித்ததா, இரும்பே வெடித்ததா தெரியவில்லை. பட்டறையில் கேட்டால், "ஒரு பட்டா வெச்சு நாலு பக்கமும் வெல்டு அடிச்சிட்டா யானையைக் கட்டி இழுக்கலாம்" என்கிறார். கரும்புக்கு ஆலையிலிருந்து வெட்டு உத்தரவு வந்துவிட்டது. பட்டா வைத்து ஓட்டலாமா?

6 டிசம்பர், இரவு

வைக்காதீர்கள். இன்று கரும்பு ஏற்றிவிட்டு வந்து கை வலிக்கிறது, விவரம் நாளைக்கு. அதுவரை அந்த டிரெய்லரில் லோடு வேண்டாம்.

7 டிசம்பர்

2016 பருவத்தில் எனக்கும் கிட்டத்தட்ட அதே இடத்தில் அதே கோடு. நானும் பட்டாதான் வைத்தேன். எட்டு மில்லிமீட்டர் தகடு, ஒரு முழ நீளம், சுற்றிலும் வெல்டு. பார்க்கவே தெம்பாக இருந்தது. இருபது நடை ஓடியது. அடுத்த நடையில், ஆலைக்கு மூன்று கிலோமீட்டர் இருக்கும்போது, பாலத்து ஏற்றத்தில் படாரென்று ஒரு சத்தம். திரும்பிப் பார்த்தால் டிரெய்லர் மூக்கைத் தரையில் குத்தி நிற்கிறது. ஏர்க்கால் துண்டு மட்டும் டிராக்டரோடு வந்துகொண்டிருக்கிறது.

ஏற்றம் என்பதால் வேகம் இல்லை. பின்னால் பைக்கில் வந்தவர் ஒடித்துத் திருப்பிக்கொண்டார். அவர் அன்றைக்குக் கேட்ட கேள்விகளை இங்கே எழுத முடியாது. எட்டு டன் கரும்பை ரோட்டோரம் இறக்கி, வேறு வண்டிக்கு மாற்றி, மறுநாள் ஆலைக்குக் கொண்டுபோய்ச் சேர்த்தோம்.

ஏர்க்கால் முறிந்தாலும் டிரெய்லரைப் பிடித்துக்கொள்ளும் பாதுகாப்புச் சங்கிலி இல்லையா என்று கேட்பீர்கள். இருந்தது. அதை ஏர்க்காலிலேயே மாட்டியிருந்தேன். ஏர்க்கால் போனதும் சங்கிலியும் அதோடு போயிற்று. இப்போது முன் குறுக்குச் சட்டத்துக்குப் பின்னால், சேசிஸிலேயே போல்ட் போட்டு மாட்டியிருக்கிறேன்.

முறிந்த இடத்தைப் பார்த்தபோதுதான் புத்தி வந்தது. பட்டா அப்படியே இருந்தது. அதன் அடியில் பழைய விரிசலும் பத்திரமாக இருந்தது. முறிந்தது பட்டா முடிகிற இடத்தில், வெல்டுக்கு ஒரு நூல் (அங்குலத்தில் எட்டில் ஒரு பங்கு) தள்ளி.

ஒரு மூங்கில் கழியின் நடுவில் இரும்புக் குழாயைச் செருகி வளைத்துப் பாருங்கள். குழாய்க்குள் இருக்கும் பகுதி அசையாது. குழாயின் வாயருகில்தான் ஒடியும். பட்டா செய்வது அந்த வேலைதான். சேனல் முழுக்கப் பரவியிருந்த வளைவை ஒரு கோட்டில் கொண்டுவந்து குவிக்கிறது. அந்தக் கோட்டில் நாம் குறுக்கே வெல்டும் போட்டு வைத்திருக்கிறோம்.

8 டிசம்பர்

சரி, பெயின்டா இரும்பா என்று பார்ப்பது எப்படி?

சேறும் கிரீஸும் போகக் கழுவுங்கள். காய்ந்ததும் கோட்டை உற்றுப் பாருங்கள். பெயின்ட் மட்டும் வெடித்தால் கோடு கோணல்மாணலாக, கிளை விட்டு இருக்கும். இரும்பு வெடித்தால் பெரும்பாலும் ஒற்றைக் கோடு. வெல்டின் ஓரத்திலோ, அது முடியும் நுனியிலோ, ஏதாவது ஒரு துளையிலோ தொடங்கும். ஒரு மழை பட்டால் அதிலிருந்து துருநீர் வழிந்து காவி நிறத்தில் தடம் விடும். அந்தத் தடத்தைப் பார்த்துவிட்டால் அப்புறம் சந்தேகம் வேண்டாம்.

பெயின்டைச் சுரண்ட உப்புத்தாளும் கம்பி பிரஷ்ஷும் போதும். எடுத்ததுமே கிரைண்டர் வைக்காதீர்கள். கிரைண்டர் இரும்பை இழுத்து விரிசல் வாயை மூடிவிடும், பிறகு இருக்கும் விரிசலும் தெரியாது.

கடைகளில் மூன்று டப்பாவாக ஒரு சோதனைச் சாமான் விற்கிறார்கள். துடைக்க ஒன்று, உள்ளே இறங்குகிற சிவப்புச் சாயம் ஒன்று, மேலே அடிக்க வெள்ளை ஒன்று. விரிசல் இருந்தால் வெள்ளையில் சிவப்புக் கோடாக எழும். நல்ல சாமான். ஆனால் பழைய பட்டறைக்காரர்கள் மண்ணெண்ணெயும் சுண்ணாம்பும் வைத்தே இதைச் செய்தார்கள். மண்ணெண்ணெய்க்கு இப்போது எங்கே போவது, டீசலே போதும். டீசலைத் தடவிக் கால் மணி நேரம் விடுங்கள். துணியால் சுத்தமாகத் துடைத்துவிட்டு, மேலே மாவு போன்ற வெள்ளைப் பொடியைத் தூவுங்கள். விரிசலுக்குள் இறங்கிய டீசல் கசிந்து பொடியில் ஈரக்கோடாகத் தெரியும்.

சாக்பீஸ் கிடைக்காத ஒரு ஞாயிற்றுக்கிழமை நான் விபூதியைத் தூவினேன். அருமையாகக் கோடு காட்டியது. சாமி அலமாரியில் கிண்ணத்தைக் காணோம் என்று வீட்டில் நடந்த விசாரணை தனி.

8 டிசம்பர், மாலை

எங்கே பார்ப்பது என்று எழுத விட்டுப்போயிற்று. ஏர்க்கால் சேரும் இடத்தில் மேல்விளிம்பைப் பாருங்கள். அங்கேதான் இழுவிசை அதிகம், விரிசல் மேலிருந்து கீழே இறங்கும்.

9 டிசம்பர்

மேலே மாலையில் எழுதியது தலைகீழ். அழிக்காமல் விடுகிறேன், என்னைப் போல யாராவது நினைத்துக்கொண்டிருந்தால் பயன்படும்.

மருமகன் மெக்கானிக்கல் டிப்ளமோ படித்தவர். இதைப் படித்துவிட்டு போன் போட்டார். "மாமா, கேள்வி கேட்டவர் அடிவிளிம்புன்னு தெளிவா எழுதியிருக்கார். நீங்க மேலே பாருங்கன்னு சொல்றீங்களே?"

யோசித்தால் அவர் சொல்வதுதான் சரி. இரண்டு சக்கர டிரெய்லர் ஒரு பாலம் மாதிரி. ஒரு முனை டிராக்டர் கொக்கியில், மறுமுனை அச்சில் உட்கார்ந்திருக்கிறது. நடுவில் பாரம் அமுக்குகிறது. பாலம் தொய்ந்தால் அடிப்பக்கம்தான் இழுபடும். ஆகவே கொக்கிக்கும் அச்சுக்கும் நடுவில் அடிவிளிம்பில் விரிசல் வரும். அச்சுக்குப் பின்னால் நீட்டிக்கொண்டிருக்கும் பகுதியில் கதை மாறும். அங்கே பாரம் வாலைக் கீழே அமுக்குகிறது, மேல்விளிம்பு இழுபடும். வில் பட்டை (லீஃப் ஸ்பிரிங்) தாங்கிக்கு நேர் மேலே பார்க்க வேண்டும்.

நான் ஏன் மேல்விளிம்பு என்று எழுதினேன்? நின்றபடி பார்த்தால் தெரிவது அதுதான். முட்டி போட்டுப் பார்க்க வேண்டிய இடத்தை முப்பது வருடமாக நின்றே பார்த்திருக்கிறேன்.

டிப்பர் என்றால் இன்னும் இரண்டு இடம் உண்டு. தொட்டியைத் தூக்கத் தொடங்கும்போது பாரம் முழுக்கப் பின் கீலிலும் ஹைட்ராலிக் ஜாக்கி உட்காரும் குறுக்குச் சட்டத்திலும் போய் நிற்கும். ஜாக்கி அடிப்பீடத்து வெல்டைச் சுற்றிப் பாருங்கள். கீல் துளை நீள்வட்டமாகிவிட்டதா என்றும் பாருங்கள்.

9 டிசம்பர், இரவு

ஒருவர் தனியாகக் கேட்டார், தொட்டியைத் தூக்கிவிட்டுத்தானே அடியில் பார்க்க வேண்டும் என்று. ஆமாம். ஆனால் தூக்கிய தொட்டிக்குச் சேசிஸுக்கும் தொட்டிக்கும் நடுவே கனமான முட்டு கொடுக்காமல் தலையை உள்ளே விடாதீர்கள். ஹோஸ் வெடித்தாலோ யாராவது லீவரைத் தட்டினாலோ தொட்டி இறங்குவதற்குள் நீங்கள் வெளியே வர முடியாது. லோடோடு தூக்கி வைத்து ஒருபோதும் பார்க்கக் கூடாது. இதில் எனக்குக் கதை எதுவும் இல்லை, இருக்கவும் வேண்டாம்.

12 டிசம்பர்

கேள்வி கேட்டவர் டீசல் சோதனை செய்துவிட்டாராம். இரும்புதான். கோடு ஈரமாக எழுந்ததாம். விபூதி இல்லை, கோலமாவு. அது கொரகொரப்பு, பரவாயில்லை.

ஒட்டுகிற முறை இது. கோடு முடிவதாகத் தெரியும் இடத்தைத் தாண்டியும் விரிசல் கொஞ்சம் ஓடியிருக்கும். அதன் மெய்யான நுனியைக் கண்டுபிடித்து அங்கே ஆறு மில்லிமீட்டர் துளை போடுங்கள். கூர்மையான நுனியில்தான் விரிசல் முன்னேறும், வட்டத் துளையில் அதன் கூர் மழுங்கிவிடும். பிறகு விரிசலை நீளவாக்கில் வி வடிவத்தில் தோண்டியெடுத்து, அடிவரை நிரம்ப வெல்டு செய்ய வேண்டும். மேலோட்டமாகக் கோடு போட்டு மூடினால் விரிசல் உள்ளேயே உயிரோடு இருக்கும். வெல்டு மேட்டைத் தேய்த்துச் சமமாக்குங்கள். கிரைண்டர் கீறல் சேனலின் நீளவாக்கில் ஓட வேண்டும். குறுக்கே கீறினால் அந்தக் கீறலே அடுத்த விரிசலுக்கு வாசல்.

பலம் சேர்த்தே ஆக வேண்டும் என்றால் சேனலின் நடுச்சுவரில், உள்பக்கமாக, தகடு வையுங்கள். அதன் முனைகளை நேராக வெட்டாமல் நன்றாகச் சாய்த்து வெட்டுங்கள். விளிம்பின் குறுக்கே ஒரு பொட்டு வெல்டும் வேண்டாம்.

வெல்டிங் குச்சி பற்றி. பட்டறைகளில் சாதாரணமாகப் புழங்குவது 6013 ரகம். சுலபமாகப் பற்றும், பார்க்க அழகாக இருக்கும். விரிசல் வேலைக்கு நான் 7018 கேட்பேன். ஆனால் அது ஈரம் பட்டால் பயனில்லை. மூலையில் திறந்து கிடந்த பாக்கெட்டிலிருந்து எடுத்துத் தந்தால், அதற்கு 6013-ஏ மேல்.

12 டிசம்பர், அரை மணி கழித்து

பொறுங்கள். எழுதி முடித்து டீ குடிக்கும்போதுதான் கணக்குப் போட்டேன். உங்களுடையது 125 சேனல் என்றால் விளிம்பு அகலம் 65 மில்லிமீட்டர்தான். இரண்டு அங்குலக் கோடு என்பது 50. அதாவது அந்த விளிம்பில் முக்கால் பங்கு ஏற்கெனவே போய்விட்டது. இதற்கு ஒட்டு வேலை வேண்டாம். அந்தச் சேனலை மாற்றுங்கள். இரண்டு பக்கமும் ஒரே வயசு என்பதால் இரண்டையும் மாற்றுவதே நல்லது. மேலே எழுதிய முறை அரை அங்குலத்துக்குள் இருக்கும் புது விரிசலுக்கு.

இதை முதல் நாளே சொல்லியிருக்க வேண்டும். உங்கள் கேள்வியிலேயே அளவு இருந்தது.

13 டிசம்பர்

பட்டறைக்குப் போகும் முன் இன்னொன்று. எர்த் கிளாம்பை வெல்டு அடிக்கும் இடத்துக்குப் பக்கத்திலேயே, சுரண்டிய இரும்பில் மாட்டச் சொல்லுங்கள். ஒருமுறை என் டிரெய்லரில் தொட்டியில் வேலை, கிளாம்ப் சக்கரத்து டிஸ்கில். மின்சாரம் அச்சுக்குள் போய்ப் பேரிங் வழியாகத்தான் டிஸ்குக்கு வந்தாக வேண்டும். மாதம் முடிவதற்குள் அந்தச் சக்கரம் கரகரவென்று சத்தம் போட்டது. பிரித்தால் உருளைகளில் அம்மைத் தழும்பு. டிராக்டரையும் கழற்றி விலக்கிவிடுங்கள், இல்லையென்றால் பேட்டரி ஒயரையாவது எடுத்துவிடுங்கள்.

அச்சிலும் வில் பட்டையிலும் ஏர்க்கால் நுனி வளையத்திலும் யாரும் வெல்டு வைக்க விடாதீர்கள். உடைந்தால் மாற்றுங்கள். பட்டையில் வெல்டு என்பது சூட்டில் அதன் உறுதியைக் கொன்றுவிட்டு உயிர் இருப்பதாக நடிப்பது.

13 டிசம்பர், மறுபடி

வளையம் என்றதும் நினைவு வந்தது. கொக்கியில் வளையத்தை மாட்டும் பின் (pin) தொலைந்தால் பதினாறு எம்.எம். கட்டடக் கம்பியை வெட்டிச் செருகுகிற பழக்கம் எங்கள் ஊரில் உண்டு. கம்பியின் முள் வளையத்தை அரம் போல அராவும். அந்தக் கம்பி துளைக்கு நிரம்பவும் இல்லை, மேடுபள்ளத்தில் ஆட்டம் வேறு. வளையத்தின் முன்பக்கக் கனத்தை வருடத்துக்கு ஒருமுறை காலிப்பரால் அளந்து எழுதி வையுங்கள். என்னுடையது புதிதில் 32, போன மாதம் 27. இந்தப் பருவம் முடிந்ததும் மாற்ற வேண்டும்.

21 டிசம்பர்

புது ஏர்க்கால் போட்டாயிற்று என்று கேள்வி கேட்டவர் எழுதியிருக்கிறார். நல்லது. முதல் நடை லோடு இறக்கியதும், அச்சை வில் பட்டையோடு கட்டும் யூ போல்ட்டும் சக்கர நட்டும் ஒரு சுற்று முறுக்கிப் பாருங்கள். புதிதாக மாட்டியது எல்லாம் ஒருமுறை உட்காரும்.

'ஏர்க்கால்' என்கிறீர்களே, அது மாட்டுவண்டிக்குத்தானே என்று இன்னொருவர் கேட்கிறார். ஆமாம், எங்கள் பக்கத்தில் டிரெய்லருக்கும் அந்தப் பேர் ஒட்டிக்கொண்டது. சாய்த்து வைத்தால் அதே உருவம்தானே. தாத்தா வண்டி பூட்டும் முன் இரண்டு கடையாணியையும் தொட்டுப் பார்ப்பார். வைக்கோல் கரியும் விளக்கெண்ணெயும் குழைத்த வண்டி மையை இருசில் தடவுவார். பிறகு ஏர்க்காலில் கையைத் தேய்த்துக்கொண்டே முன்னால் வருவார். மையைத் துடைக்கிறார் என்றுதான் சின்ன வயதில் நினைத்தேன். மரத்தில் வெடிப்பு விட்டிருக்கிறதா என்று தடவிப் பார்த்திருக்கிறார். என் டிராக்டர் டிரைவர் சாவியைத் திருகுவதோடு சரி.

3 ஜனவரி 2024

டயர் ஒரு பக்கம் மட்டும் மொட்டையாகிறது, சேசிஸ் கோணலா என்ற கேள்விக்கு. டேப்பை எடுத்து ஏர்க்கால் வளையத்தின் நடுவிலிருந்து அச்சின் இரு முனைக்கும் அளந்து பாருங்கள். இரண்டும் சமமாக வர வேண்டும். எனக்கு ஒருமுறை இரண்டு சென்டிமீட்டர் வித்தியாசம் வந்தது. சேசிஸ் கோணல் என்று பயந்துபோனேன். கடைசியில் பார்த்தால் இடப்பக்கத்து வில் பட்டைகளை ஊடுருவி நிற்கும் சென்டர் போல்ட் அறுந்திருந்தது. யூ போல்ட் தளர்ந்து ஓடியதில் அச்சு பின்னால் நகர்ந்து, போல்ட்டை வெட்டிவிட்டது. நூறு ரூபாய் சாமான், இரண்டு டயர் போயிற்று.

15 ஜனவரி

நாளை மாட்டுப் பொங்கல். டிரெய்லருக்குச் சிவப்பு அடித்தாயிற்று. அடிக்கும் முன் எல்லா இணைப்பையும் சுரண்டிப் பார்த்தேன். பளபளவென்று இருக்கும் டிரெய்லரை வாங்குவதாக இருந்தால் முதலில் சந்தேகப்படுங்கள், பெயின்டை விட மலிவான மருந்து விரிசலுக்கு வேறில்லை.

ஏர்க்கால் சேரும் இடத்திலும் பின் வில் தாங்கிக்கு மேலேயும் ஒரு சாண் அகலத்துக்குச் சிவப்பு அடிக்காமல் மெல்லிய வெள்ளை மட்டும் பூசி விட்டேன். கோடு விழுந்தால் உடனே தெரியும். தேமல் மாதிரி இருக்கிறது என்று பேரன் சொன்னான். திருஷ்டிப் பொட்டு என்று சொல்லி வைத்திருக்கிறேன்.

அந்தச் சுரண்டலில் ஒன்று அகப்பட்டது. அச்சுக்குப் பின்னால், இடப்பக்க மேல்விளிம்பில், அரை அங்குலத்துக்கும் குறைவாக ஒரு கோடு. விபூதி எடுக்கவில்லை, இந்த முறை சாக்பீஸ். உறுதி. துளை போட்டு நிறுத்தியிருக்கிறேன், பக்கத்தில் பெயின்டில் தேதி எழுதியிருக்கிறேன். பருவம் முடிந்ததும் தோண்டி வெல்டு வைப்பதாகத் திட்டம்.

16 ஜனவரி

'ஊருக்கு உபதேசம்' என்று இரண்டு பேர் எழுதிவிட்டீர்கள். வாங்கிக்கொள்கிறேன்.

11 பிப்ரவரி

துரு பற்றி. பொட்டாஷ் மூட்டை கிழிந்து கொட்டிய தொட்டியைக் கழுவாமல் விடாதீர்கள், அது உப்பு வகைதான். தளத் தகடும் குறுக்குச் சட்டமும் உரசும் இடுக்கில் உரமும் ஈர மணலும் போய்த் தங்கும். துரு இரும்பை விட அதிக இடம் கேட்கும், தகட்டையே நெம்பித் தூக்கிவிடும். ஸ்க்ரூ டிரைவர் பிடியால் தட்டிக்கொண்டே போங்கள். கணீர் என்றால் சரி. பொத்தென்றால் கூர் முனையால் குத்திப் பாருங்கள்.

மூடிய பெட்டிக் குழாய் சட்டம் என்றால் அடியில் ஒரு துளை இருக்கிறதா பாருங்கள். தண்ணீர் எப்படியோ உள்ளே போய்விடும், வெளியே வரத்தான் வழி இருக்காது.

12 பிப்ரவரி

எல்லாம் சரி, எவ்வளவு ஏற்றலாம் என்கிறார் ஒருவர். இதைத்தான் தொடாமல் இருந்தேன், என் கையும் சுத்தமில்லை. மருமகனிடம் கேட்டேன். வெல்டு செய்த இரும்பில், விசை இரண்டு மடங்கானால் அது தாங்கும் நடைகளின் எண்ணிக்கை சுமார் எட்டில் ஒரு பங்காகக் குறையும் என்றார். நாலு டன்னுக்குச் செய்த டிரெய்லரில் எட்டு டன் ஏற்றினால், பத்து வருடம் வர வேண்டியது ஒன்றேகால் வருடத்தில் முடிந்துவிடும். 2016-இல் நான் பட்டாவைக் குறை சொன்னேன். பட்டா பாதிதான். மீதிப் பாதி எடைச் சீட்டில் எழுதியிருந்தது.

ஆனால் வெட்டுக்கூலி, டிராக்டர் டீசல், ஆலை வாசலில் ஒரு பகல் ஒரு இரவு காத்திருப்பு எல்லாம் ஒரு நடைக்கு இவ்வளவு என்று ஆகும்போது, நாலு டன்னோடு போய் நிற்பவன் எவன்? இந்தப் பருவம் ஆறு டன்னில் நிறுத்தியிருக்கிறேன். அதற்கு மேல் என்னிடம் பதில் இல்லை.

29 மார்ச்

இடப்பக்கத் துளையை இன்று பார்த்தேன். துளைக்கு அந்தப்பக்கம் புதிதாக ஒரு நூல் நீளத்துக்குக் கோடு. வெள்ளைப் பூச்சில் பளிச்சென்று தெரிந்தது. நுனியைத் தாண்டித் துளை போட்டோம் என்று நினைத்தேன், நுனிக்கு முன்னாலேயே போட்டிருக்கிறேன் போல.

இன்னும் மூன்று நடைக் கரும்பு நிற்கிறது. பக்கத்து ஊரில் டிரெய்லர் வாடகைக்குச் சொல்லியிருக்கிறேன். பட்டறை அண்ணன் வந்து பார்த்துவிட்டு, "மூணு நடைதானே, ஒரு பட்டா வெச்சிரலாமே" என்றார்.